பேனருக்குக் கீழே ஒரு வருடம்

தம்பி,

பல்கலைக்கழகத்தில் கிடைத்த இடத்தை வேண்டாம் என்று தள்ளிவிட்டு, எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், நாலைந்து நாள் உட்கார்ந்து சோறு சாப்பிட்டவன் நீ. சோறு மட்டுமா? பையனுக்கு இடம் கிடைத்துவிட்டதாமே என்று மேல்வீட்டு அக்கா கொடுத்தனுப்பிய கேசரியைச் சாப்பிட்டாய். எதிர்வீட்டுச் சீனத்து ஆன்ட்டி கொண்டுவந்த ஆரஞ்சை உரித்துச் சாப்பிட்டாய். உன் அப்பா வேலை முடிந்து வரும்போது ஆசையாக வாங்கிவந்த பொரித்த கோழியில் இரண்டு காலையும் நீயே சாப்பிட்டாய். வாயைத் துடைத்துக்கொண்டு தேங்க்யூ வேறு சொன்னாய். இதை நான் மன்னித்துவிட்டேன். மறக்கவில்லை.

வாட்ஸ்அப்பில் எழுதினால் ஒரு கட்டைவிரலை அனுப்பி முடித்துவிடுவாய். அதனால்தான் தாளில் எழுதுகிறேன். புது ஊர், புது அறை, உனக்கு இன்னும் கூட்டாளிகள் யாரும் சேர்ந்திருக்க மாட்டார்கள், உட்கார்ந்து முழுசாகப் படி. யாருக்காவது படித்துக் காட்டினாலும் எனக்குக் கவலை இல்லை. நம் அடுக்குமாடி புளோக்கின் கீழே நோட்டீஸ் பலகையில் இதை ஒட்டினாலும் சரி, ஒளிக்க என்னிடம் ஒன்றும் கிடையாது. நேற்று உன் பஸ் கிளம்பிய பிறகு நான் வாய்விட்டு ஒன்றைக் கேட்டேன். என்ன கேட்டேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். இந்த வருடம் முழுவதையும் வரிசையாகச் சொல்லாமல் அதை மட்டும் சொன்னால் அம்மாவுக்கு மூளை குழம்பிவிட்டது என்று நினைப்பாய்.

ஆறாம் படிவம் படித்து எஸ்.டி.பி.எம். பரீட்சை முடித்துவிட்டு நீ பல்கலைக்கழகத்துக்கு எழுதிப்போட்டபோது, வேண்டிய படிப்புகளை எல்லாம் மேலே போட்டாய். எஞ்சினியரிங் ஒன்று, இன்னொரு எஞ்சினியரிங், அப்புறம் இன்னும் ஏதேதோ. கடைசிக் கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்று மீன் வளர்ப்பைப் போட்டாய். அதைத்தான் கொடுத்தார்கள். நான் மீன் கழுவினால் மூக்கைப் பிடித்துக்கொண்டு வீட்டைவிட்டு வெளியே போகிற உனக்கு மீன் வளர்ப்பு. நாம் சிரித்தோம், நினைவிருக்கிறதா? சிரித்துவிட்டு, கிடைத்ததே பெரிசு என்றும் சொல்லிக்கொண்டோம். இந்த வார்த்தையை நான் எத்தனை வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்! நம் ஆட்களுக்கு இது மூச்சு விடுவது மாதிரி ஆகிவிட்டது. வேலை கிடைத்ததே பெரிசு, வீடு கிடைத்ததே பெரிசு. கேட்டதைக் கொடுக்காதவனைத் திட்ட நமக்கு வாய் வராது, கொடுத்ததை வாங்காத பிள்ளையைத் திட்ட மட்டும் வாய் நீளும். என் வாயும் அப்படித்தான் நீண்டது.

அதற்குள் பேனர் ஏறிவிட்டது. நம் குடியிருப்பில் யார் வீட்டுப் பிள்ளைக்கு இடம் கிடைத்தாலும் கீழே தபால் பெட்டிகளுக்குப் பக்கத்தில் பேனர் கட்டுவது தலைவரின் வேலை. குடியிருப்பாளர் சங்கத்துக்குத்தான் தலைவர், ஆனால் அவர் மனைவியே அவரைத் தலைவர் என்றுதான் கூப்பிடுகிறாள். உனக்குக் கட்டிய பேனரில் இடது மூலையில் முருகன் இருந்தார். நடுவில், ஆள் உயரத்துக்கு, மாலை போட்டுக் கைகூப்பியபடி தலைவர் இருந்தார். வலது பக்கம் கீழே, ஒரு பப்படம் அளவுக்கு, உன் பள்ளிக்கூட அடையாள அட்டைப் படம். ‘பல்கலைக்கழகம் செல்லும் எங்கள் சிங்கத்துக்கு வாழ்த்துகள்’ என்று எழுதியிருந்தது. என்ன படிப்பு என்று அவர் என்னிடம் கேட்டார். சொன்னேன்.

“படிப்பு பேரு வேணாம்லா தங்கச்சி. மீனுன்னு போட்டா, பையன் பசார்ல கடை வைக்கப் போறான்னு நெனப்பாங்க.”

நீ அந்தப் பேனருக்குக் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டாய். அன்று காலையிலேயே கைப்பேசியில் பொத்தானைத் தட்டி இடத்தை மறுத்திருந்தாய் என்பது பிறகுதான் எனக்குத் தெரியும். சிரித்த முகமாகத்தான் இருக்கிறாய் படத்தில். நல்ல நடிகன்.

நீ சொன்ன அந்த ஞாயிற்றுக்கிழமை நான் உன் பெட்டியில் போர்வையை அடுக்கிக்கொண்டிருந்தேன். ஊறுகாய் பாட்டிலை எதில் சுற்றுவது என்று தேடிக்கொண்டிருந்தேன். நீ வந்து கதவோரம் நின்று, பெட்டி வேணாம்மா என்றாய். சின்னதா இருக்கா என்று கேட்டேன். இல்லை, நான் போகல, வேணாம்னு போட்டுட்டேன் என்றாய். எப்போ என்று கேட்டதற்குப் போன வாரம் என்றாய். தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு உன் அப்பா திரும்பினார். இருபது வருடமாகப் பஸ் ஓட்டுகிற மனிதர், அவருக்கு எதிலும் அவசரம் கிடையாது. யோசித்து, நிதானமாகத்தான் கேட்டார்.

“அப்போ அந்தக் கோழிய எதுக்குடா தின்ன?”

நான் அன்று பேசியதை இங்கே எழுதப்போவதில்லை. உனக்கு நினைவிருக்கும், எதிர்வீட்டு ஆன்ட்டிக்கும் நினைவிருக்கும். தமிழ் தெரியாவிட்டாலும் புரிந்திருக்கும். நீ ஏழு வயதிலிருந்து ஓடிக்கொண்டே இருப்பதாகச் சொன்னாய். பள்ளி முடிந்தால் டியூஷன், டியூஷன் முடிந்தால் வீட்டுப்பாடம், ஒரு சோதனை முடிந்தால் அடுத்த சோதனை, எல்லாரும் அடுத்தது என்ன என்றுதான் கேட்டார்கள், எதுக்கு என்று யாரும் கேட்கவில்லை என்றாய். ஒரு வருடம் நின்று பார்க்க வேண்டும், அடுத்த வருடம் மறுபடி எழுதிப்போடுகிறேன் என்றாய்.

“கெடைக்கலன்னா?” என்று கேட்டேன்.

அதற்கு நீ பதில் சொல்லவில்லை. அந்த ஒரு கேள்வி அன்றிலிருந்து இந்த ஆகஸ்ட் வரை நம் வீட்டில் நாலாவது ஆளாகக் குடியிருந்தது. நம்முடன் சாப்பிட்டது, நம்முடன் படுத்து எழுந்தது.

பேனரை யாரும் கழற்றவில்லை. வாழ்த்துப் பேனரை நாள் பார்க்காமல் இறக்கினால் பிள்ளைக்கு ஆகாது என்றார் தலைவர். உண்மையான காரணம், அதில் அவர் படம் இருந்தது. அதனால் பல்கலைக்கழகம் சென்ற சிங்கம் தினமும் காலையில் அந்தப் பேனருக்குக் கீழே அரைக்கால் சட்டையுடன் குப்பை கொட்டப் போயிற்று. ரொட்டி வாங்கப் போயிற்று. லிஃப்ட் பழுதான நாளில் கேஸ் தோம்பைத் தோளில் தூக்கிக்கொண்டு போயிற்று. பார்த்தவர்கள் என்ன சொன்னார்கள் என்று உனக்கு முழுதும் தெரியாது. என் காதுக்குத்தான் வந்தது. லெப்பாக் அடிக்கிறான், சும்மா ஊர் சுற்றுகிறான், கெட்ட கூட்டத்தில் சேர்ந்துவிட்டான், அந்தப் பிள்ளை கஞ்சா கேஸாமே. ஃபேக்டரி பஸ்ஸில் என் பக்கத்து இருக்கைக்காரி, கோயிலில் கயிறு மந்திரித்துக் கட்டச் சொன்னாள். நம் இனத்துப் பையன் ஒருவன் வேலைநாளில், பகல் நேரத்தில், சும்மா ஒரு சுவரில் சாய்ந்து நின்றால் ஊருக்கே பொறுக்கவில்லை. அவன் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நின்றால் ரவுடி. போலீஸ்காரர் மட்டும் அப்படிப் பார்த்தால் சண்டை போடலாம். பெற்றவளே அப்படிப் பார்த்தால் யாரிடம் போய்ச் சொல்வது? முதல் மாதம் நீ தூங்கும்போது நான் உன் பையைத் துழாவினேன். ஒரு சீப்பும், பாதி தின்ற பிஸ்கட் பாக்கெட்டும் இருந்தன.

நீ தூங்கினாய். அந்த மாதம் முழுக்கத் தூங்கினாய். நான் காலைச் சிஃப்டுக்குப் போகும்போது தூங்கினாய், அப்பா மத்தியானம் சாப்பிட வரும்போது தூங்கினாய். எனக்கு எரிச்சலாக வந்தது. பிறகு ஒருநாள் கதவோரம் நின்று பார்த்தேன். வாயைத் திறந்துகொண்டு, ஒரு காலைக் கட்டிலுக்கு வெளியே போட்டுக்கொண்டு, இரண்டு வயதில் தூங்கியது மாதிரித் தூங்கிக்கொண்டிருந்தாய். எனக்குப் பொறாமையாக இருந்தது. ஆமாம், பொறாமைதான்.

நான் எப்படி வேலைக்கு வந்தேன் என்று உனக்குச் சுருக்கமாகத்தான் தெரியும். பாலத்துக்கு அந்தப் பக்கம், நிபோங் திபாலில், எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் எங்கள் வீடு. ஐந்தாம் படிவத்து எஸ்.பி.எம். பரீட்சையின் கடைசித் தாள் எழுதிவிட்டு வந்தேன், அடுத்த திங்கட்கிழமை விடியும் முன்னே ஃபேக்டரி பஸ் தோட்டத்து வாசலில் வந்து நின்றது. பள்ளிக்கூடச் சட்டையைத் துவைத்துக் கொடியில் போட்டிருந்தேன், அது காயவில்லை, அதற்குள் பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் தொப்பியும் கையுறையும் மாட்டி உட்காரவைத்துவிட்டார்கள். என் டீச்சர் வீட்டுக்கே வந்து, இவளை ஆறாம் படிவத்துக்கு அனுப்புங்கள் என்றார். பஸ் வந்துடுச்சே டீச்சர் என்று என் அப்பா சொன்னார். அவரைக் குறை சொல்லவில்லை, அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பத்தொன்பதில் கல்யாணம், இருபதில் நீ. இப்போது எனக்கு நாற்பது. நடுவில் இடைவெளி என்று ஒன்று இல்லை. உன்னைப் பெறுவதற்குக் கொடுத்த விடுப்பைச் சொல்லாதே, அதில் நான் தூங்கவே இல்லை, அது யாரால் என்று உனக்குத் தெரியும்.

தூங்கி எழுந்த பிறகு நீ வேறு ஆளாக இருந்தாய். இதை நான் ஒத்துக்கொண்டே ஆக வேண்டும். நீ பேச ஆரம்பித்தாய். பன்னிரண்டு வருடம் உன் முதுகைத்தான் எனக்குத் தெரியும், மேசையில் குனிந்த முதுகு. திடீரென்று முகம் கிடைத்தது. சமைக்கிறேன் என்று இறங்கி, சாம்பாரில் புளிக்குப் பதிலாக எதையோ போட்டு அப்பாவை ஒரு நாள் பஸ் ஓட்ட முடியாமல் ஆக்கினாய். பிறகு நன்றாகவே சமைத்தாய். வேலை முடிந்து வந்தால் சூடாகச் சோறு இருக்கும் வீடு எப்படி இருக்கும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஆண்கள் இத்தனை வருடம் இதையா அனுபவித்துக்கொண்டிருந்தார்கள் என்று கோபமாகவும் வந்தது. விடுமுறை நாள் மாலையில் மோட்டாரில் பின்னால் ஏற்றிக்கொண்டு பாடாங் கோத்தா கடற்கரைக்குக் கூட்டிப்போவாய். சுவரில் உட்கார்ந்து, வடையும் வெள்ளரியும் வெட்டிப் போட்டுக் குழம்பு ஊற்றிய பசெம்பூர் சாப்பிடுவோம். எதிர்க்கரையில் பட்டர்வொர்த் விளக்குகள் எரியும். இந்தத் தீவில் இத்தனை வருடம் இருந்தும் முழங்காலுக்கு மேல் கடல் தண்ணீர் பட்டதில்லை என்று நான் சொன்னேன். நீ நம்பவில்லை. ஏன்மா என்றாய். நேரம் இல்லை என்றேன். சொன்ன பிறகு எனக்கே அது கேவலமாகக் கேட்டது.

அப்புறம் சேகரோடு ஏர்கோன் சர்வீஸ் வேலைக்குப் போனாய். சேகர் நல்ல மனிதன், காலையில் எட்டு மணிக்கு வருகிறேன் என்றால் பதினொன்றுக்கு வருவான், வந்தால் பாடிக்கொண்டே வருவான். அவன் நம் பேனரைப் பார்த்த நாளிலிருந்து உனக்குப் பெயர் மாறிவிட்டது. ‘யுனிவர்சிட்டி, ஏணியப் புடி. யுனிவர்சிட்டி, வாளி எங்க?’ என்பான். கீழ்ப்படிக்கட்டில் அது எனக்குக் கேட்கும்போது முதலில் குத்தியது. நீ சிரித்துக்கொண்டே, வரேண்ணே என்று இறங்கிப்போவதைப் பார்த்துப் பார்த்து எனக்கும் பழகிவிட்டது. ஜார்ஜ்டவுனில் யார் வீட்டு ஏர்கோனில் எலி குட்டி போட்டிருக்கிறது, யார் வீட்டில் நாய்க்குத் தனி ஏர்கோன் என்று நீ வந்து சொல்லும் கதைகளுக்காகவே அப்பா தொலைக்காட்சியை அணைத்துவைத்தார். கல்யாணமான நாளிலிருந்து நான் கேட்டு நடக்காத காரியம் அது.

அதில் ஒரு கதையை மட்டும் நான் மறக்க மாட்டேன். தஞ்சோங் பூங்கா பகுதியில் கடல் பார்த்த அடுக்குமாடிக் கொண்டோ ஒன்று. நம் ஆட்கள்தான், வசதியானவர்கள். உன் வயதுப் பையன் ஒருவன் சோபாவில் படுத்துக் கைப்பேசி பார்த்துக்கொண்டிருந்தான். நீ ஏணி மேல் நின்று தூசித் தட்டைக் கழற்றிக்கொண்டிருந்தாய். அந்த வீட்டு அம்மா, எங்கள் மகன் கேப் இயர் எடுத்திருக்கிறான், தன்னைக் கண்டுபிடிக்க ஒரு வருடம் எடுத்துக்கொள்கிறான் என்று சேகரிடம் பெருமையாகச் சொன்னாள். பிறகு உன்னை அண்ணாந்து பார்த்தாள். குரல் இரக்கமாக மாறியதாம்.

“நீ படிக்கலையாப்பா? வீட்ல கஷ்டமா?”

“நானும் கேப் இயர்தான் ஆன்ட்டி.”

அவள் சிரித்தாளாம். நல்ல ஜோக் என்று நினைத்துச் சிரித்தாளாம். சேகரும் சிரித்தானாம். அந்தப் பையன் மட்டும் சிரிக்காமல் எழுந்துவந்து உன் ஏணியைப் பிடித்துக்கொண்டான் என்று சொன்னாய். நீ இதைச் சிரித்துச் சிரித்துத்தான் சொன்னாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரே வருடம், ஒரே வயது, ஒரே அறை. கீழே படுத்திருப்பவனுக்கு அது ஆங்கிலப் பெயர் வைத்த அழகான வருடம். ஏணியில் நிற்பவனுக்கு அது வீட்டுக் கஷ்டம். ஓய்வுக்கும் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள் இந்த நாட்டில், அவர்கள் கதவுக்குப் பின்னால் ஏர்கோன் போட்டு அதைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். அன்றோடு நான் உன் பக்கம் வந்துவிட்டேன். மறுநாள் ஃபேக்டரி பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரி மறுபடி கயிறு பற்றி ஆரம்பித்தபோது, என் மகன் கேப் இயர் எடுத்திருக்கிறான் என்று சத்தமாகச் சொன்னேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அது என்ன வியாதி என்று ஒருத்தி கேட்டாள்.

தைப்பூசத்தை எழுதாமல் விட முடியுமா? தண்ணீர்மலைக்குப் போகிற சாலையில் வருடா வருடம் நம் குடியிருப்பு தண்ணீர்ப் பந்தல் போடும். கூரைக்குப் போடும் தார்ப்பாய் ஒருவர் பொறுப்பில் இருந்தது, அவர் வீடு மாறித் தாசேக் கெலுகோருக்குப் போனவர் தார்ப்பாயையும் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டார் என்பது முதல்நாள் காலையில்தான் தெரிந்தது. வாடகைக்குக் கேட்டால் ஊரில் ஒரு கூடாரம் மிச்சம் இல்லை. பெண்கள் சிராப் சர்பத் கலக்க அண்டாவைக் கழுவிவிட்டோம், தலைக்கு மேலே வெயில். தலைவர் எல்லாருக்கும் போன் போட்டுக் கத்திக்கொண்டிருந்தார். நீ சேகரின் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு போனாய். திரும்பி வரும்போது உன் பேனரைச் சுருட்டித் தூக்கிக்கொண்டு வந்தாய்.

தலைவருக்கு முகம் கறுத்தது. தன் படத்தை மிதிக்கப்போகிறார்கள் என்று பயந்தார். தரையில் போட முடியாது தலைவரே, முருகன் படம் இருக்கு, மேலேதான் கட்டணும் என்று நீ சொன்னதும் அவர் ஒதுங்கி வழிவிட்டார். எழுத்துப் பக்கம் கீழே பார்க்கும்படி நீயே நாலு மூலையையும் இழுத்துக் கட்டினாய். தேர் வந்தது, காவடி வந்தது, சாலை முழுக்க உடைத்த தேங்காய் ஓடு, தண்ணீர் கேட்டுக் கை நீட்டிக்கொண்டே இருந்தார்கள். குடித்துவிட்டு அண்ணாந்த ஒவ்வொருவரும் தலைவரைப் பார்த்தார்கள். மாலை போட்டுக் கைகூப்பி வானத்திலிருந்து வாழ்த்துகிற தலைவர். சில பேர் திரும்பக் கும்பிட்டார்கள். அவ்வளவு சந்தோஷமாக அவர் இருந்து நான் பார்த்ததில்லை, மாலை வரைக்கும் பந்தலை விட்டு நகரவில்லை, சிராப்பை அவர் கையாலேயே ஊற்றிக் கொடுத்தார். ஒரு கிழவர் மேலே பார்த்துவிட்டு, யார் அந்தப் பையன், எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்டார். நீ டம்ளர் கழுவிக்கொண்டே, இன்னும் முடிவாகல தாத்தா என்றாய். நான் வாயைப் பொத்திக்கொண்டு அண்டாவுக்குப் பின்னால் உட்கார்ந்து சிரித்தேன். கண்ணீர் வந்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் நிபோங் திபால் வேலை. மீன் பண்ணை அலுவலகத்தில் ஏர்கோன் மாட்ட சேகர் உன்னைக் கூட்டிப்போனான். எனக்கு அந்த ஊர்மேல் பாசம் கிடையாது, நான் அங்கிருந்து ஓடிவந்தவள், நீ அங்கே போகிறாய் என்றதும் சோறு கட்டித் தரக்கூட மனம் வரவில்லை. மத்தியானம் எனக்கு இடைவேளை நேரத்தில் போன் செய்தாய். மூச்சு வாங்கப் பேசினாய். தொட்டி தொட்டியாகச் சியாக்காப் மீன்குஞ்சு விட்டிருக்கிறார்கள், தீனி போட வருகிறவரின் காலடிச் சத்தத்துக்கே ஒரு பக்கமாகக் கூடுகின்றன, ராத்திரி மின்சாரம் போனால் காற்று இல்லாமல் மொத்தமும் செத்துவிடுமாம், அதற்கு அவர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா என்று சொல்லிக்கொண்டே போனாய். நாத்தம் எப்படி இருக்கு என்று கேட்டேன். நாத்தமா என்று நீ திருப்பிக் கேட்டாய். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. அதன் பிறகு சனிக்கிழமைகளில் நீயே பாலம் தாண்டி மோட்டாரில் போனாய். ஏர்கோன் மாட்டி முடித்துப் பல நாள் ஆகியும் போனாய். உன் சட்டையில் மீன் வாசம் அடித்தது, நான் மூக்கைப் பிடித்துக்கொண்டேன்.

மறுபடி எழுதிப்போடும் நேரம் வந்தது. நீ முதல் இடத்தில் எதைப் போட்டாய் என்று எட்டிப் பார்த்தேன். மீன் வளர்ப்பு. அதே பல்கலைக்கழகம். கையில் கரண்டி இருந்தது, நல்லவேளை நான் அதை உபயோகிக்கவில்லை.

“இதத்தானேடா போன வருஷம் குடுத்தாங்க?”

“போன வருஷம் அவங்க குடுத்தாங்கம்மா. இந்த வருஷம் நான் கேக்குறேன்.”

அப்பா அடுப்படிக்கு வந்து எட்டிப் பார்த்தார். கேட்டுவிட்டு, சரியாத்தான் சொல்றான் என்று போய்விட்டார். தலைவருக்கு அது சரியாகப் படவில்லை. கொடுத்ததை வேண்டாம் என்றவனுக்கு மறுபடி தட்டில் வைத்து நீட்டுவார்களா என்று கேட்டார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. என் வயிற்றில் இருந்ததைத்தான் அவர் வாயால் சொன்னார். அந்த மாதங்களில் நான் எத்தனை கோயிலுக்கு வேண்டிக்கொண்டேன் என்று சொன்னால் சிரிப்பாய். ஃபேக்டரி பஸ்காரி சொன்ன கயிறுகூட வாங்கினேன். நீ எடுத்துப்போன தலையணையின் உறைக்குள் இருக்கிறது, இப்போது தேடிப் பார்.

முடிவு வந்த நாளில் நீ ஜெலுத்தோங்கில் யார் வீட்டுக் கூரையிலோ நின்றுகொண்டிருந்தாய். அங்கிருந்தே போன் செய்தாய். பின்னால் சேகர் கத்தியதுதான் எனக்குக் கேட்டது. “யுனிவர்சிட்டி, நெசமாவே யுனிவர்சிட்டிலா!” எந்திரத்தின் முன்னால் நின்று நான் அழுதேன், சூப்பர்வைசர் வந்து கை நசுங்கிவிட்டதா என்று பார்த்தாள்.

தலைவர் புதுப் பேனர் அடிக்க வேண்டியதில்லை என்று கண்டுபிடித்தார். படிப்பின் பெயரைப் போடாதது எவ்வளவு புத்திசாலித்தனம் பார்த்தாயா என்று என்னிடமே சொன்னார். பழைய பேனரைச் சேகரின் தண்ணீர்ப் பம்பால் நீயே பீய்ச்சிக் கழுவினாய். சிராப் கறை போயிற்று, தலைவரின் கன்னத்தில் ஒரு ஓட்டை மட்டும் மிஞ்சியது. அதே இடத்தில் அதே சிங்கம் மறுபடி ஏறியது. இந்தத் தடவை நீ அதன் கீழே நின்று எடுத்த படத்தையும் போன வருடப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். போன வருடம் நீ நடித்திருக்கிறாய் என்று இப்போது யாரும் சொல்லிவிடலாம்.

புத்தி சொல்ல வேண்டும், அம்மா எழுதும் கடிதம் ஆயிற்றே. படி. தூங்கு. யாராவது உன்னை ஏணியில் வைத்துப் பார்த்தால் கூச்சப்படாதே, அவர்களைக் கூச்சப்பட வை. உன் அறையில் இருக்கிற எவனாவது நம் பையன்களைப் பற்றி லெப்பாக் கூட்டம் என்று சொன்னால் சிரித்து மழுப்பிவிடாதே. ஒரு வருடம் நின்று பார்க்க உனக்கு நான் இடம் கொடுத்தேன் என்று யாரிடமும் சொல்லாதே. நான் கொடுக்கவில்லை. நீ எடுத்துக்கொண்டாய். அது எனக்கு இப்போது பெருமையாக இருக்கிறது, அதோடு ஒரு யோசனையும் தந்திருக்கிறது.

நேற்று சுங்கை நிபோங் பஸ் நிலையத்தில் உன் பஸ் திரும்பி மறையும் வரை நானும் அப்பாவும் தலைவரும் நின்றோம். தலைவர் படம் எடுக்க வந்தவர், கைப்பேசியில் இடம் இல்லை என்று பழைய படங்களை அழித்துக்கொண்டிருந்தார். நீ போன பிறகு, அடுத்த பேனர் யார் வீட்டுக்கு வருமோ தெரியல தங்கச்சி என்று பெருமூச்சு விட்டார். நான் யோசித்துப் பேசவில்லை. ஆனால் பேசிய பிறகு, இந்த வருடம் முழுக்க அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன் என்று தெரிந்தது.

“எனக்குப் போடுங்க தலைவரே. நான் ஒரு வருஷம் வேலைக்குப் போகப்போறதில்ல. வாழ்த்துகள்னு பெருசா எழுதுங்க, உங்க படத்தச் சின்னதாப் போடுங்க.”

விளையாட்டு என்று நினைத்து முதலில் சிரித்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு உன் அப்பாவைப் பார்த்தார். அப்பா பஸ் போன சாலையைப் பார்த்தார். வீட்டுக்கு வந்ததும் அப்பா தொலைக்காட்சியைப் போட்டார்.

நான் கனவு காண்கிறவள் இல்லை. ஒரு சம்பளத்தில் வீடு எப்படி இறுகும் என்று எனக்குத் தெரியும், இறுகினாலும் ஓடும் என்றும் தெரியும். அந்த வருடத்தில் என்ன செய்வாய் என்று கேட்காதே. முதல் மாதம் தூங்குவேன், ஒரு காலை வெளியே போட்டுக்கொண்டு தூங்குவேன். அப்புறம் பத்து ஃபெரிங்கி கடற்கரையில் கழுத்தளவு தண்ணீரில் நிற்பேன். அதற்குப் பிறகு தெரியாது. அந்த ஞாயிற்றுக்கிழமை கதவோரம் நின்றபோது உனக்கும் தெரியாதுதானே? டீச்சர் எங்கள் வீட்டு வாசலில் நின்ற அன்று பஸ் வந்துவிட்டது. இப்போதும் காலையில் கீழே வந்து ஹாரன் அடிக்கிறது.

தலைவர் பதில் சொல்லவில்லை. உன் அப்பாவும் சொல்லவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை ‘கெடைக்கலன்னா?’ என்று நான் கேட்டதற்கு நீயும் சொல்லவில்லை. இதற்காவது சொல், கட்டைவிரலை அனுப்பாமல் வாய்திறந்து சொல்: எனக்கு அந்த ஒரு வருடம் உண்டா, இல்லையா?